வார்டில் நிற்கும் தாய்க்கு ஒரு சோற்றுப் பார்சல்

தோட்டத்தில் இருந்துகொண்டே ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கானது இந்த அத்தியாயம். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், மாதர் சங்கத்தில் இருக்கலாம், தோட்டத் தலைவராகவோ ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளையாகவோ இருக்கலாம். மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பதுளை போதனா வைத்தியசாலையிலோ பிள்ளையைச் சேர்த்துவிட்டு நிற்கிற குடும்பம் பட்டினி இல்லாமல் அந்த நாட்களைக் கடக்க, ஐந்து பேரும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும்.

பசி எங்கே இருக்கிறது

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். படுத்திருக்கும் பிள்ளைக்குச் சாப்பாடும் வந்துவிடும். "பிறகு அங்கே என்ன செலவு?" என்று பலர் கேட்கிறார்கள். செலவு பிள்ளையைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் இரண்டு வயதுப் பிள்ளையோடு பதுளைக்கு வருகிறார் என்று வையுங்கள். கட்டிலோரம் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு வேண்டும். வந்துபோகும் தகப்பனுக்குப் பஸ் காசு வேண்டும். லயத்தில் பாட்டியிடம் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்கு அடுப்பு எரிய வேண்டும். ஒரு பிள்ளை படுத்தால் மூன்று இடத்தில் சட்டி காலியாகிறது.

அதே நாட்களில் வருமானமும் நிற்கிறது. மலைக்குப் போகாத நாளுக்கு, இறப்பர் வெட்டப் போகாத நாளுக்குப் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டாலும், தாயும் தகப்பனும் ஐந்து நாள் வேலைக்குப் போகாவிட்டால் 13,500 ரூபா இல்லை. இந்த இழப்பு அன்றே கைக்குத் தெரியாது. அடுத்த மாதம் சம்பளம் எடுக்கும்போதுதான் தெரியும். பிள்ளை சுகமாகி வீட்டுக்கு வந்து, எல்லோரும் விசாரித்துவிட்டுப் போன பிறகுதான் அந்த வீட்டில் உண்மையான பஞ்சம் தொடங்குகிறது. உதவி செய்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. மறு வருடம் உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் கணக்கெடுத்தபோது நாட்டில் 39 இலட்சம் பேர் போதிய உணவு உறுதியில்லாமல் இருந்தார்கள். மிக மோசமான நிலை தேயிலைத் தோட்டங்களில். விலை ஏறும் வேகம் பிறகு குறைந்தது, ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கடைக் கொப்பியில் கடன் நிறைந்திருக்கும் வீட்டுக்கு ஒரு வார்டு வாசமே போதும், தலைகுப்புற விழுவதற்கு.

இதில் பெரிய ஆபத்து, ஊசி மருந்து முடியுமுன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது. டொக்டர் சொல்லாமல் போவது பொறுப்பில்லாத வேலை என்று ஏசுகிறோம். நிற்பதற்குச் சோறில்லை என்பதைக் கேட்பதில்லை.

யாருக்குத் தேவை என்று அறிவது

1. தகவல் வரும் வழியை முதலில் அமையுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா, குடும்ப நல மாது, வகுப்பாசிரியர் ஆகிய நான்கு இடத்திலும் உங்கள் குழுவில் ஒருவருடைய போன் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். பிள்ளை வார்டில் சேர்ந்த அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும்.

2. நோயைப் பற்றி விசாரிக்க வேண்டாம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2015இல் தன் மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்த முறை ஒன்று உண்டு: வரும் குடும்பத்திடம் இரண்டே கேள்வி கேட்பது. அங்கே கடந்த 12 மாதத்தைப் பற்றிக் கேட்பார்கள், நமக்கு ஒரு மாதம் போதும். நம்ம பேச்சில் இப்படிக் கேட்கலாம்: "அக்கா, இந்த மாசம் சம்பளத்துக்கு முந்தியே அரிசி மாவு முடிஞ்சிருமோன்னு யோசனையா இருந்துச்சா?" "முடிஞ்சு போயி, திரும்ப வாங்கக் காசில்லாம இருந்துச்சா?" ஒன்றுக்கு ஆம் என்றாலும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

3. தனியாகக் கேளுங்கள். பீலிக்கரையில், மற்றவர்கள் முன்னால், கேட்காதீர்கள். பெண்ணிடம் பெண் கேட்பது நல்லது.

4. "இல்ல, சமாளிச்சுக்குவோம்" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மானமுள்ள குடும்பம் முதல் தடவை அப்படித்தான் சொல்லும். "நாளைக்கு எப்படியும் டவுனுக்குப் போறோம், உங்களுக்கும் ஒண்ணு கட்டிக் கொண்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். மறுநாள் வாங்கிக்கொள்வார்கள்.

தவறு: வார்டுக்குப் போய்ப் பார்சலைக் கையில் கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் போடுவது. ஒருமுறை இது நடந்தால், அடுத்த தாய் பசியோடு இருப்பாரே தவிர உங்களிடம் வாய் திறக்க மாட்டார். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: படம் இல்லை, பெயர் வெளியே போகாது.

சேர்த்த முதல் நாள்

1. பிள்ளையின் நிலை அவசரமானால் வாகனத்துக்குக் காசு தேடி நேரம் கடத்தாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்தக் காசு சாப்பாட்டுக்கு மிச்சமாகும்.

2. வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு பை போகட்டும். முதல் நாள்தான் தாய் அதிகம் பட்டினி கிடக்கிறார். காலையில் வெளிநோயாளர் பிரிவில் வரிசை, பிறகு இரத்தம் எடுப்பது, பிறகு கட்டில் தேடுவது என்று எங்கேயும் நகர முடியாது. பையில் இருக்க வேண்டியவை: கிரீம் கிராக்கர் பிஸ்கட், சமபோஷா ஒரு பக்கெட், அவித்து வறுத்த கடலை, நாலைந்து வாழைப்பழம், சீனி, தேயிலை, மூடியுள்ள தண்ணீர்ப் போத்தல், ஒரு கோப்பை, கரண்டி, போன் சார்ஜர். பிள்ளையின் கிளினிக் கார்டும் இதிலேயே போகட்டும்.

3. வார்டில் தாய்க்குச் சாப்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள். நம் பெண்கள் கேட்காமலே "எங்களுக்குத் தரமாட்டாங்க" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பால் கொடுக்கும் தாயானால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிங்களம் வராதவருக்கு இரண்டு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: "அம்மட்ட கேம தெனவாத?" (அம்மாவுக்குச் சாப்பாடு தருவீர்களா?), "பார்சல் எகக் கேன்ன புளுவன்த?" (ஒரு பார்சல் கொண்டு வரலாமா?). தமிழில் பேசிப் பதில் பெறுவது சட்டப்படி உரிமை. மறுக்கப்பட்டால் முறையிட 1956 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவில் தாய்க்கு உதவுவது அந்தத் துண்டுக் கடதாசிதான்.

4. பார்வையாளர் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக மதியம் 12 முதல் 1 வரை, மாலை 5 முதல் 6 வரை. வாசலில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். வாசல் காவலாளியோடு சண்டை பிடித்து உள்ளே போகும் குழு இரண்டாம் நாள் நிற்காது.

5. வார்டு சிஸ்டரை ஒருமுறை நேரில் பார்த்து, யார் வருவார்கள், என்ன கொண்டு வருவார்கள் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. பிறகு அவர்களே "அந்தக் கட்டில் அம்மாவும் சாப்பிடல்ல" என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பும் நிலை வரும்.

பார்சல் கட்டுவது

எங்கே சமைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பசறையிலிருந்து பதுளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பஸ் போய்விடும், தோட்டத்தில் சமைத்துக் கொண்டுபோகலாம். கொஸ்லந்தை, நமுனுகுல, பிபிலைப் பக்கத்து உள் தோட்டங்களிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டுமானால் அது சரிவராது. சோறு பழுதாகிவிடும், ஒருவருடைய நாள் முழுக்கப் போய்விடும், பார்சலின் விலையை விடப் பஸ் காசு கூடிவிடும். அப்படிப்பட்ட தோட்டத்துக்கு இரண்டு வழி:

அ. டவுனில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவருடைய வீட்டில் சமைப்பது. அரிசி பருப்பை வாரத்துக்கொரு முறை கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

ஆ. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் முன்பணம் கட்டி, கையெழுத்திட்ட சிட்டைகளை வாங்கித் தாயிடம் கொடுப்பது. ஒரு சிட்டைக்கு ஒரு சோறு. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். கையில் காசாகக் கொடுத்தால் தாய் அதைப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வைத்துக்கொண்டு, தான் வெறுந்தேத்தண்ணியில் நாளைக் கழிப்பார். சிட்டை சாப்பாட்டுக்கு மட்டும்தான் செல்லும்.

சமைப்பதானால் எட்டுப் பார்சலுக்கு அளவு: அரிசி 1 கிலோ, பருப்பு 300 கிராம், முட்டை 8, போஞ்சி அல்லது கரட் அரைக் கிலோ, ஒரு கட்டுக் கீரை. முட்டை வாங்க முடியாத நாளில் நெத்தலி பொரிக்கலாம், சோயா மீட் பிரட்டலாம். வெறும் சோறும் சம்பலும் கட்டி அனுப்ப வேண்டாம். இரவில் விழித்திருக்கும், பால் கொடுக்கும் தாய்க்கு வழமையை விடக் கூடுதலாகவே சத்து வேண்டும்.

1. காலை 9 மணிக்குப் பிறகு உலை வையுங்கள். முதல் நாள் இரவுச் சோற்றைச் சூடாக்கி அனுப்பக் கூடாது. சமைத்ததற்கும் சாப்பிடுவதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். அப்புத்தளைக் குளிரில் தாங்குகிற சோறு மொனராகலை வெயிலில் தாங்காது.

2. தேங்காய்ப்பால் விட்ட கறி, பச்சைத் தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பூப் போட்ட சுண்டல் வேண்டாம். முதலில் பழுதாவது இவைதான். பருப்பைத் தண்ணீர் வற்ற எடுங்கள். சம்பல் வேண்டுமென்றால் நன்றாக வதக்கிய சீனிச் சம்பல் தாங்கும்.

3. சோற்றின் ஆவி அடங்கிய பிறகு கட்டுங்கள். சுடச்சுட மூடினால் உள்ளே வியர்த்துக் கெட்டுப்போகும்.

4. நெருப்பில் வாட்டிய வாழை இலையில் கட்டி, மேலே கடதாசி சுற்றுங்கள். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியானால் இரண்டு வேண்டும்: ஒன்று போகும்போது மற்றது திரும்பி வரும்.

5. பார்சலில் சமைத்த நேரத்தை எழுதுங்கள். "மத்தியானமே சாப்பிடுங்க, இராவுக்கு எடுத்து வைக்காதீங்க" என்று வாயாலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாதியை மிச்சம் வைப்பார். இரவுக்கு வேறாகப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டால் வைக்க மாட்டார்.

6. சமைக்கிறவருக்கு வயிற்றோட்டமோ கையில் புண்ணோ இருந்தால் அன்று அவர் அடுப்படிக்கு வரக்கூடாது.

பிள்ளையின் வாய்க்கு எதுவும் போகுமுன்

நீங்கள் கொண்டுபோகும் சாப்பாடு தாய்க்கு. பிள்ளைக்கு எதைக் கொடுப்பதென்றாலும் வார்டு சிஸ்டரிடம் கேட்டுத்தான். பாசத்தால் நேரும் விபத்துகள் அதிகம் என்பதால் இந்தப் பகுதியைக் குழுவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

டெங்குப் பிள்ளைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது, எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளந்து எழுதுகிறார்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு போத்தல் இளநீர் கொடுத்தால் அந்தக் கணக்கு பிழைக்கும். சிவப்பு, மண்ணிறப் பானங்களும் வேண்டாம். வாந்தி வந்தால் இரத்தமா நிறமா என்று தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால் ஒரு பிஸ்கட்டும் கூடாது. மயக்க மருந்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழலுக்குள் போனால் உயிராபத்து. "பிள்ளை பசியில அழுவுது" என்று இரகசியமாக ஊட்டுவது நடக்கிறது. பிள்ளை பட்டினி என்று தாயும் சாப்பிடாமல் இருப்பதும் நடக்கிறது. அன்று தாயை வெளியே கூட்டிப்போய்ச் சாப்பிட வையுங்கள்.

சிறுநீரக நோயில் உடம்பு வீங்கிய பிள்ளைக்கு உப்பு ஆபத்து. பிஸ்கட், கருவாடு, பக்கெட் தீனி எதுவும் கொடுக்காதீர்கள்.

மிகவும் மெலிந்துபோன பிள்ளையைப் பார்த்ததும் நிறைய ஊட்ட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்றிமீற்றருக்குக் குறைந்தால் அது கடும் போசாக்கின்மை. அந்த உடம்பு திடீரென்று வரும் சாப்பாட்டைத் தாங்காது. ஆஸ்பத்திரி தரும் சிறப்பு உணவைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பால்மா டின் நன்கொடையாக வாங்காதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு டின்னைக் கொடுத்தால் பால் குறையும், டின் முடிந்த பிறகு வாங்க வழியிருக்காது. அதே காசைத் தாயின் சோற்றில் போடுங்கள்.

லயத்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகள்

இதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை, ஒரு பெயர் போதும். பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர் "இந்த வாரம் இந்தப் பிள்ளைகள் என் வீட்டில் சாப்பிடும்" என்று பொறுப்பேற்க, அவருக்கு அரிசியும் பருப்பும் நீங்கள் கொடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சின்னதுகளைப் பிள்ளைக் காம்பராவுக்கும் பெரியதுகளைப் பாடசாலைக்கும் தவறாமல் அனுப்புங்கள். ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடசாலையில் ஒருவேளைச் சாப்பாடு உண்டு. ஆஸ்பத்திரி அலைச்சலில் பள்ளியை நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால்

பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கோ கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்கோ அனுப்பினால் உங்கள் பார்சல் அங்கே எட்டாது. புறப்படுமுன் மூன்று காரியம்: இரண்டு நாளைக்குப் போதுமான காய்ந்த உணவுப் பை, போனுக்கு ரீலோட், அந்த ஊரில் இருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இருவரின் இலக்கம். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலைசெய்யும் இளைஞர் இல்லாத தோட்டமே இல்லை. அவர்களிடம் காசு கேட்காதீர்கள். ஒரு நாள்விட்டு ஒரு நாள் போய்ப் பார்த்து ஒரு சோறு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், செய்வார்கள்.

டிக்கட் வெட்டிய பிறகு

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, குறைந்த சம்பளம் வருகிற மாதம் தாண்டும் வரை வாரத்துக்கொரு உலர் உணவுப் பொதி கொடுங்கள். அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, கடலை அல்லது பயறு அரைக் கிலோ, நெத்தலி, தேங்காய் எண்ணெய், முட்டை. கோதுமை மாவை மட்டும் கூட்டிக் கொடுக்காதீர்கள். ரொட்டியால் வயிறு நிறையும், நோயில் மெலிந்த பிள்ளை தேறாது.

கூடவே ஒருவர் போய் முடித்துவைக்க வேண்டியவை:

1. குடும்ப நல மாதுவிடம் நிறை பார்த்தல். ஐந்து வயதுக்குட்பட்ட, நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா கேளுங்கள். வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே மற்றவர்களுக்கும் கடலையோ சமபோஷாவோ கொடுங்கள். அந்தப் பக்கெட் நோயாளிப் பிள்ளைக்கு மிஞ்சும்.

2. அஸ்வெசும. 2025 ஜனவரி முதல் வறியோர் குடும்பத்துக்கு 10,000 ரூபா, மிக வறியோருக்கு 17,500 ரூபா. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம். விசாரிக்க 1924.

3. பெரிய சத்திரசிகிச்சையானால் ஜனாதிபதி நிதியம். 2025 பெப்ரவரியிலிருந்து இதற்கும் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்தத் திகதிகளைக் கொப்பியில் முன்கூட்டியே எழுதி, அந்த நாளின் பார்சலை நிரந்தரமாக்குங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து சேர்த்த உணவையும் மருந்தையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். திரிபோஷாவும் அதில் சேரும்.

அரிசியும் காசும்

நாற்பது வீடு உள்ள டிவிஷனில் ஒவ்வொரு வீடும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தால், பிடி 50 கிராம் என்று பார்த்தாலும் நாளைக்கு 2 கிலோ. பதினாறு பார்சல். வாரத்துக்கொரு நாள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். மரண சகாய சங்கத்துக்கு மாதம் தவறாமல் காசு கட்டிப் பழகிய மக்கள் நாம். சாவுக்குச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

கோயிலையும் கேளுங்கள். கதிர்காமம் இருப்பது மொனராகலை மாவட்டத்தில். பாதயாத்திரை வரும் அடியார்களுக்கு வழிநெடுகச் சோறு போடும் கைகள் இங்கே இருக்கின்றன. திருவிழா அன்னதானத்தில் ஒரு நாள் செலவை ஆஸ்பத்திரிச் சிட்டைக்குத் தரச் சொல்லுங்கள். விகாரையும் பள்ளிவாசலும் தானத்துக்கு முன்னிற்பவை. வார்டில் எல்லா இனத்துத் தாயும் இருப்பதால் பார்சலும் எல்லோருக்கும் போக வேண்டும். சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் பிறகு அரசு மருத்துவமனை வளாகங்களிலும் திறக்கப்பட்டு, நோயாளியோடு வந்தவர்களுக்கு மலிவு விலையில் சாப்பாடு கொடுத்தது. இங்கும் அதைக் கேட்கலாம். உங்கள் கொப்பியில் மூன்று மாதக் கணக்கு சேர்ந்ததும், எத்தனை தாய்மார், எத்தனை பார்சல் என்று எழுதி வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிடமும் சுகாதார அமைச்சிடமும் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையே துணைக்கு நிற்கும் தாய்க்கும் சமைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

கணக்கை இருவர் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அரசியல் கட்சி, தொழிற்சங்கப் பெயர் பார்சலில் வேண்டாம். ஒரு பெயர் ஒட்டினால் மற்றப் பாதித் தோட்டம் விலகிவிடும்.

நாளைக் காலையில் டிஸ்பென்சரிக்குப் போய், நம் தோட்டத்துப் பிள்ளை யாராவது இப்போது வார்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் கூட்டம் கூட்டக் காத்திருக்காதீர்கள். முதல் பார்சலை உங்கள் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக் கொண்டுபோங்கள்.